தேதி கேட்டு வந்த சம்பந்தம்

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்து, ரதவீதியில் பந்தல் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. அன்று மத்தியானம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அடுத்தவன் கிணற்றில் கல் சுமந்து தொழிலுக்கு வந்தேன். பிறகு நானே கிணறு வெட்டும் கான்ட்ராக்டர் ஆனேன். பாறையைத் துளைக்கக் கம்ப்ரசர், கல் தூக்கக் கிரேன், எல்லாம் சொந்தம். குருவிகுளம், திருவேங்கடம் வட்டாரத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கிற கிணறு எது என்று விசாரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் நான் வெட்டினதாக இருக்கும். எங்கள் தெருவில் முதல் கான்கிரீட் வீடு என்னுடையது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். அந்தக் கோயில் வளாகத்துக் கிணறும் நான் வெட்டினதுதான். யாரும் கைகொடுத்துத் தூக்கி நான் மேலே வரவில்லை.

மகளை டீச்சர் டிரெய்னிங் வரை படிக்க வைத்திருந்தேன். மாப்பிள்ளையும் வாத்தியார், பாளையங்கோட்டைப் பக்கம். அவன், அவன் அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணன் என்று நாலு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கன்வென்ஷன் என்கிற நற்செய்திக் கூட்டங்களில் மேடையேறிப் பிரசங்கம் செய்கிறவர். பேச்சு நன்றாகத்தான் போனது. என் மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்பது, யாரும் கேட்காமலே அவள் இன்னொரு தடவை காபி கொண்டுவந்ததிலேயே தெரிந்தது.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாம் திருப்தி, அண்ணாச்சி. ஜெபம் பண்ணி முடிவு பண்ணிரலாம். அதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?"

இது தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவன் தன் பாவத்தை உணர்ந்து ஆண்டவரிடம் திரும்புவதை இரட்சிப்பு என்போம். சிலருக்கு அது ஒரு கூட்டத்தில், ஒரே நாளில் நடக்கும். அந்த நாளைப் பிறந்த நாள் மாதிரி ஞாபகம் வைத்திருப்பார்கள். இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்படி ஒரு நாள் இல்லாதவனெல்லாம் ஆண்டவருக்கு அந்நியன் என்று சொல்ல இவர்கள் யார்?

எனக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பேருக்குக் கிறிஸ்தவனாகப் பிறந்தவன் நான். வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனதால் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் தூங்கினேன். வருஷக்கணக்கில் போனதில் என்னமோ உள்ளே இறங்கத் தொடங்கியது. வேலையாட்களின் தாயை இழுத்துத் திட்டுவது குறைந்தது. சாராயத்தை விட்டேன், திரும்பத் தொட்டேன், மறுபடி விட்டேன். எழுத்துக்கூட்டி வேதம் வாசித்தேன். இதில் எதைத் தேதி என்று சொல்ல?

"தேதி கெடையாது, சார்வாள்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தனக்கு எந்தக் கூட்டத்தில், எந்தப் பாட்டுப் பாடும்போது நடந்தது என்று அந்த அம்மாள் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவும் தன் தேதியைச் சொன்னார். என் வீட்டுக்காரி பின்னால் வந்து காதோரம் குனிந்தாள்.

"ஏதாவது ஒரு கன்வென்ஷன் தேதியச் சொல்லுங்களேன். பிள்ள வாழ்க்கை."

சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"சார்வாள், கெணறு வெட்டுதவன்ட்ட தண்ணி எந்தத் தேதியில வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவான்? மொதல்ல கல்லுல ஈரம் தெரியும். பெறகு கசியும். ஒரு கோடையில வத்தும், இன்னும் தோண்டணும். எனக்கு அப்படித்தான் நடந்துக்கிட்டிருக்கு."

பெரியப்பா தன் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"கெணத்துல வெடி வச்ச மாதிரியே பேசுதாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்கிடாதீய. இதெல்லாம் வெளங்கணும்னா கொஞ்சம் படிப்பு வேணும். தேதி தெரியலன்னா இன்னும் நடக்கலன்னுதான் அர்த்தம். இருட்டா இருக்க வீட்டுல நாங்க எப்படிப் பொண்ணெடுக்க?"

என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துவிட்டு, என் வீட்டை இருட்டு என்கிறார்! அதுவரை சார்வாள், சார்வாள் என்றிருந்தவன் எழுந்துவிட்டேன்.

"எந்திரியும் வே! மூணாங்கிளாஸ்காரன் கட்டின வீட்டுல உக்காந்துக்கிட்டு யாரப் பாத்துவே இருட்டுங்கீரு?"

பையனின் அப்பா பதறி என் கையைப் பிடித்தார். பையனின் அம்மா எப்படியாவது காரியத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "பெரியவங்கள விடுங்க. பிள்ளைக்குத் தேதி இருக்கா? அது போதும்."

எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரிக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் மகளிடம் ஒரு தேதி இருந்தது. டிரெய்னிங் ஸ்கூலில் படிக்கும்போது கூட்டத்தில் எழுந்து, இன்ன நாளில் இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னால் போதும், கல்யாணம் நடந்துவிடும்.

"கூட்டத்துல ஒரு தேதி சொன்னேன், அத்தை" என்றாள். "எல்லாப் பிள்ளைகளும் ஒரு தேதி சொன்னாங்க, நானும் ஒண்ணு சொன்னேன். நானா இட்டுக்கட்டுனது அது. அன்னைக்கு ஒண்ணும் நடக்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நடந்தது இந்த வீட்டுலதான். எங்கப்பா எங்கம்மைய அடிப்பாக. நான் கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சிக்கிடுவேன். அது கொறஞ்சு கொறஞ்சு நின்னுபோச்சு. எந்தத் தேதியில நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. அதப் பாத்துத்தான் ஆண்டவர் இருக்காருன்னு நான் நம்புதேன்."

ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிற ஆள் நான். அப்படிப்பட்டவனை அந்நியர் முன்னால் பெற்ற மகள் உரித்துப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைச் சரியாகப் பார்த்தான். நாலு வார்த்தை பேசுவான் என்று நினைத்தேன். பெரியப்பா எழுந்ததும் அவனும் எழுந்துவிட்டான். படித்த பிள்ளை! ஜெபமும் பண்ணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள்.

கதவைச் சாத்தினதும் மகள் மேல் பாய்ந்தேன்.

"ஏட்டி, அத அவனுவ முன்னால வச்சா சொல்லுவ? வந்த நல்ல எடத்தையும் கெடுத்திட்டியே!"

"வேற எங்கன வச்சுச் சொல்ல? கேட்டது அவகதான" என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுக்களையில் நின்ற வீட்டுக்காரியிடம் போய், "எப்ப நின்னுச்சுன்னு ஒனக்காவது தெரியுமாட்டி?" என்று கேட்டேன்.

"அடி வாங்குனவ தேதி குறிச்சுக்கிட்டா இருப்பா?" என்றாள். பாத்திரத்தை விளக்கிக்கொண்டே சொன்னாள். "ஒருநா கைய ஓங்கிட்டு, அடிக்காம வெளிய போயிட்டீய. சரி, மனுசன் திருந்திட்டாருன்னு நெனச்சேன். அதுக்குப் பெறகும் அடிச்சீய. பெறகு எப்பவோ இல்லாமப் போச்சு. நல்லாருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் திருந்தின கதையை இத்தனை வருஷம் சாராயம், கெட்ட வார்த்தை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர்கள் இரண்டு பேரும் வேறொரு கதையை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அதில் வருகிறவனும் நான்தான்.

அந்தச் சம்பந்தம் அதோடு போனது. கொஞ்ச காலம் கழித்துக் குருவிகுளம் பக்கம் நல்ல இடத்தில் மகளைக் கொடுத்தேன், ஊர் மெச்சக் கொடுத்தேன். அந்தப் பெரியப்பாவின் மேல் எனக்கு இருக்கிற கோபம் மட்டும் இன்று வரை போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சொல்லுவேன், திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும்.

வீட்டிலும் கத்தல் முழுதாக நிற்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் நான் குரலை உயர்த்தினால் அடுக்களைக்குள் ஓடுகிற வீட்டுக்காரி, இப்போது நின்ற இடத்திலேயே நின்று எனக்குப் பதில் பேசுகிறாள். ஆண்டவர் இந்த முரடனிடத்தில் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், எதிரே பயமில்லாமல் நிற்கிற அவளைத்தான் காட்டுவேன், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றும் சொல்லுவேன்.