மோட்டாரை நிறுத்தப் போனவர்

எனக்குக் கோவையாக எழுத வராது, படிப்பு அஞ்சாவதோடு சரி. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் விஜயநகரில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டில் கௌதள்ளி என்ற ஊர்க்காரர் ஒருவர் வாட்ச்மேன். ஒட்டிய கன்னம், காதிடுக்கில் பீடி. கிரிக்கெட் நடந்தால் கீழ் வீட்டு ஜன்னல் வழியாக டிவி பார்ப்பார். ஸ்டூலில் இடது காலை மடித்து அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம்மவர்கள் அவுட் ஆகமாட்டார்கள் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை.

அன்று மெட்ராஸில் பாகிஸ்தானோடு ஆட்டம். முதுகு வலியோடு ஒரு பையன்தான் நின்று அடித்துக்கொண்டிருந்தான். ஜெயிக்கக் கொஞ்சம்தான் பாக்கி.

"தாத்தா, அல்லாடபேடி, அசையாதீங்க!" என்று கீழ் வீட்டுக்காரர் அதட்டினார்.

மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. நான் இறங்கி வந்து, "மோட்டாரை நிறுத்துங்களேன்" என்றேன். அவர் எழுந்தார். அந்தப் பந்திலேயே பையன் அவுட். பிறகு ஆட்டத்திலும் தோற்றோம்.

"யாருய்யா உன்னை எழுப்பினது?" என்று எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் படிக்கட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

"கால் மரத்துப்போச்சுங்க, நானாத்தான் எந்திரிச்சேன்."

மறுநாள், என் பேரைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க தண்ணிக்குக் கூப்பிட்டீங்க. ஆட்டம் தெரிஞ்சவன் நான்தானுங்களே, எந்திரிச்சிருக்கக் கூடாதுங்க."

அதன்பின் ஆட்டம் நடந்தால் அவர் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

வலி தாங்காமல்தான் அந்தப் பையன் தூக்கியடித்தான் என்கிறார்கள். அது மெய்தானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.