அக்காவுக்குக் கொண்டுபோன புட்டு

அக்காவுக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை மார்பைச் சப்பிச் சப்பி ஓய்ந்துபோய் அழுதது.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு நாங்கள் இருந்தது கீற்றுக்குடிசையில். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலையில் இருப்பவன் பிள்ளை குடிசையில் பிறக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டதால், அக்கா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே படுத்திருந்தாள். ஒரே சாதிதான் என்றாலும் அவர்கள் தென் மாவட்டத்துக்காரர்கள், சுத்த சைவம். முட்டைகூட வாசல் தாண்டாது. அவளுக்கு வேளாவேளைக்கு ரசச் சோறுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மீனில் உள்ள புரதம் சுலபமாகச் செரிக்கும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று பாடத்தில் படித்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் புரதம் தெரியாது, பால் ஊறவைக்கும் பால்சுறா மீன் தெரியும். கடலூரிலிருந்து வரும் கூடைக்காரியிடம் வாங்கி, அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுப் புரட்டி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

என்ன அது என்று மாமியார் வாசலிலேயே கேட்டார்.

"புட்டுங்க, சம்பந்தியம்மா."

பொய் இல்லை. எங்கள் பக்கம் அதற்குப் பெயரே அதுதான். அவர்களுக்கோ புட்டு என்றால் அரிசிமாவும் தேங்காயும் வெல்லமும். மாமியாருக்கு முகம் மலர்ந்தது. சாமிக்குக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று பூஜை அலமாரிக்குக் கொண்டுபோனார். விளக்கேற்றி, படங்களுக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தார்.

கத்தவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவுகளாச்சே, தம்பி. இது எந்த ஊருப் புட்டு?"

நான் புரதத்தைச் சொன்னேன். பால் ஊறும், பிள்ளைக்கு எலும்பு பலப்படும் என்றெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். அதற்குள் அத்தான் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து, கரித்தூசியோடு வந்து நின்றார். மாமியார் சட்டியை அவர் கையில் கொடுத்தார். அக்கா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

"தம்பி சொன்ன சத்தெல்லாம் அதுக்குப் போகட்டும். அதுவும் பிள்ளை பெத்தவதானே."

அத்தான் யாரையும் பார்க்காமல் போய்க் கொட்டினார். நாய் தின்னும் சத்தம் உள்ளே வரை கேட்டது. அக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள்.

"நல்லா உதுந்திருக்குதும்மா" என்றாள்.

அடுத்த மாதம் போனபோது பிள்ளை புட்டியில் தண்ணீராகக் கரைத்த டப்பாப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. கால்கள் குச்சியாக இருந்தன. ஜன்னலுக்குக் கீழே குட்டிகள் கொழுகொழுவென்று உருண்டன. அம்மா முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்திருந்தாள். வாசலில் இந்தத் தடவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே மூடியைத் திறந்து, சம்பந்தியின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்றார்.