சித்திரையில் பார்த்த ஊர்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அம்மாவைப் பற்றி எழுதுவதென்றால் இந்தச் சீமையின் தண்ணீரைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

அம்மா பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், ஏரிப் பாசன ஊரில். ஏரி நிரம்பினால் கழனியில் இரண்டு போகம் நெல். வாழ்க்கைப்பட்டதோ மேற்கே, வானம் பார்த்த செம்மண் கொல்லையில். மழை பெய்தால் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, பெய்யாவிட்டால் வெறும் மண். குடிக்கும் தண்ணீருக்கே வெகுதூரம் நடக்க வேண்டும். அக்காவையும் என்னையும் வயிற்றில் சுமந்தபோதும் குடத்தை இறக்கி வைத்ததில்லை. அப்பாவுக்குத் திருவண்ணாமலை மண்டியில் எடை போடும் வேலை கிடைத்து டவுனுக்குக் குடிவந்த பிறகும், குடம் அழுத்திய தழும்பு அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது.

மண்டிக்கு மூட்டையோடு வருகிறவர்கள் எங்கள் வீட்டில் மோர் குடிப்பார்கள். "உங்க ஊர்ல ஏரியா, கெணறாங்க?" இதுதான் அம்மாவின் முதல் கேள்வி. அப்படிக் கேட்டுக் கேட்டே அக்காவை ஏரிக்கரை ஊரில் கொடுத்தார். எனக்கு வந்த வரனோ அம்மா தப்பித்து வந்த அதே மேற்குச் சீமை. அப்பாவுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

"அந்த ஊருக்குக் குடுக்கறதுக்கு, பொண்ணைப் பாழுங்கெணத்துல தள்ளிடலாம்."

"அங்க கெணத்துலயும் தண்ணி கம்மிதான்," என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஐப்பசியில் எல்லா ஊரும் பச்சைதான், சித்திரையில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சித்திரை வெயிலில் அப்பாவோடு பஸ் ஏறினார். அங்கே நடந்ததை அப்பாதான் பிறகு எனக்குச் சொன்னார். ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர்க்கிணறு காலி. அம்மா திரும்பிவிட நினைத்தபோது, கொல்லைக் கிணற்றிலிருந்து தோளில் குடத்தோடு மாப்பிள்ளை வந்தார். பெண் வீட்டார் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"தெனமும் நீங்கதான் தண்ணி எடுக்கறீங்களா, தம்பி?"

"அம்மாவுக்கு முட்டி வலிங்க. இருக்கறவன் எடுக்கறதுதானேங்க."

 திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா, "காஞ்ச ஊருதான். குடுத்துடலாம்," என்றார்.

அப்பா போன பிறகு, கடைசி மாதங்களை அம்மா அந்தக் காய்ந்த ஊரில், எங்கள் வீட்டில்தான் கழித்தார். இரவு பகல் பாராமல் உடனிருந்த அக்காவுக்கும், மருந்து வாங்கப் பஸ் ஏறிய பக்கத்து வீட்டாருக்கும், கழனி வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்ற கீழ்பென்னாத்தூர் உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார். அம்மா போனதும் ஒரு சித்திரையில்தான். ஆண்பிள்ளை இல்லாத அம்மாவின் கடைசிக் குளியலுக்கு யார் தண்ணீர் எடுப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் கொல்லைக் கிணற்றிலிருந்து தோளில் குடத்தோடு வந்து நின்றார்.

"இருக்கறவன் எடுக்கறதுதானேங்க," என்றார்.