பதினோராவது மாடியில் நின்ற கூண்டு

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எங்கள் வீட்டுக்கு வந்தது சாயங்காலம். ஏழு அடிக்கப் பத்து நிமிஷம். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

நானும் எல்லோரையும் போலச் சில்லறைப் பொய் சொல்லுகிறவள்தான். வேண்டாத விருந்தாளி போன் செய்தால், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே "வெளியில இருக்கேன்" என்பேன். இது அந்த ரகம் இல்லை. சந்தேகம் இருந்தால் என் மகளைக் கேளுங்கள். அவள் நர்ஸ். பேய் பிசாசு என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள். இப்போது சிரிப்பதில்லை.

ஊர் வளர்ந்து வளர்ந்து வயலையெல்லாம் தின்றபின் எழுந்த அடுக்குமாடி எங்களுடையது. மகள் வாங்கிய வீடு. பதினோராவது மாடி. எங்கள் தலைக்கு மேலே இன்னும் ஒன்பது மாடி வேலை பாக்கி இருந்தது. பழைய வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்பதால் பெயின்ட் காயும் முன்பே குடி வந்துவிட்டோம். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். சோற்றில் கூடச் சிமென்ட் வாசனை.

இந்த மாதிரிக் கட்டடங்களில் ஒரு விஷயம் உண்டு, குடி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கட்டும்போது உள்ளே லிஃப்ட் இருக்காது. வெளிச்சுவரை ஒட்டி ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதில் ஒரு கூண்டை ஏற்றி இறக்குவார்கள். ஆள், மணல், கதவு, கழிவறைப் பீங்கான், எல்லாம் அந்தக் கூண்டில்தான் மேலே வரும். அது நிற்பதற்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரே வரிசையில் ஒரு வீட்டுப் பால்கனியை ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பால்கனிக்கு மட்டும் கடைசிவரை கைப்பிடிச் சுவர் வைக்க மாட்டார்கள். அந்த மாடிக்கே அதுதான் வாசல்.

எங்கள் மாடியில் அந்த வாசல், எங்கள் வீட்டுப் பால்கனி.

நாங்கள் வந்த பிறகு எங்கள் மாடியில் கூண்டு நிற்பதில்லை. ஆனால் மேலே போகிற ஆட்கள் எங்கள் கண்ணாடிக் கதவுக்கு நேராகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்கோ அதுதான் சொர்க்கம்.

அவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். இரண்டு வருஷமாக ஞாபகம் உதிர்ந்துகொண்டே வருகிறது. சில நாள் என்னையே ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

"நான் கடைசி ஸ்டாப்புங்க. உங்க கூடவேதான்."

"அப்ப உக்காருங்க. நிறைய நேரம் இருக்கு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்காருவேன்.

கூண்டை ஓட்டியவன் ஒல்லியான ஒரு பிள்ளை. எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பதால் எல்லோரும் அவனை விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். இவர் மட்டும் "டிரைவர்" என்பார். கூண்டை நகர்த்தவும் நிறுத்தவும் அவர்கள் இரும்புக் குழாயில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. பஸ்ஸிலும் அதே கணக்குத்தானே! இவருக்கு வேறெல்லாம் மறந்தது, அது மறக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"கண்டக்டரய்யா, போலாமா?"

"படியில நிக்காத! உள்ள தள்ளிப் போ! ம்... போலாம், ரைட்!"

டங், டங். கூண்டு சிரிப்போடு மேலே போகும்.

பிறகு மேல்மாடி வேலைகளும் முடிந்தன. கூண்டைக் கழற்றி, கம்பத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஊரின் மறுபக்கம் இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். விசில் வந்து சொல்லிக்கொண்டு போனான்.

"வேற ரூட் போட்டுட்டாங்க ஐயா."

"பாத்து ஓட்டு. பிரேக்க நம்பாத."

கூண்டு நின்ற இடத்தில் இரண்டு குழாயைக் குறுக்கே கட்டி, ஒரு பச்சை வலையைத் தொங்கவிட்டார் சூப்பர்வைசர்.

"கைப்பிடி மூணு நாள்ல வந்துடும்மா. அது வரைக்கும் இந்தக் கதவைத் திறக்காதீங்க."

"உங்க மூணு நாளுக்கு எங்க கணக்குல எத்தனை நாளு தம்பி?"

சிரித்துக்கொண்டே போனார். பத்து நாள் ஆயிற்று. நான் கண்ணாடிக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவேன். நாற்காலி போட்டு ஏறினால்தான் எனக்கே எட்டும்.

அன்று மதியத்திலிருந்தே மழை. மகளுக்கு மதியம் முதல் இரவு வரை டூட்டி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஐந்து மணி வாக்கில் அவர் சட்டை கேட்டார். வீட்டில் பனியனோடு இருப்பவர். வெள்ளைச் சட்டையைப் போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, தலை சீவிக்கொண்டார்.

"எங்கேங்க கிளம்பிட்டீங்க?"

"டூட்டி. டிரைவர் வர்றாரு."

"அவந்தான் போயிட்டானே."

"அதான், வர்றான்."

இப்படி எத்தனையோ சொல்லுவார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறரைக்கு மின்சாரம் போயிற்று. சார்ஜ் விளக்கைக் கூடத்தில் வைத்துவிட்டு, பாலை அடுப்பில் ஏற்றினேன்.

டங்.

ஒரே ஒரு சத்தம். இரும்பில் இரும்பு. கீழே எங்கேயோ.

மேலே பிளம்பர் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் வந்ததோ கீழேயிருந்து...

டங், டங்.

அப்புறம் அது ஆரம்பித்தது. கரகரகரகர... பற்சக்கரம் கம்பத்தைக் கடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம். மாதக்கணக்கில் கேட்ட சத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் கம்பமும் இல்லை, கூண்டும் இல்லை. லாரியில் போனதை நானே பார்த்தேன்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்தேன். 

சத்தம் ஏறி வந்தது. நிதானமாக.

கரகரகர...

தட்!

வீட்டுத் தரை அதிர்ந்தது. மேடையில் இருந்த டம்ளர் தண்ணீர் வளையம் வளையமாக ஆடியது. ஈரச் சிமென்ட் வாசனை. கிரீஸ் வாசனை. கூண்டுக் கதவு தள்ளப்படுகிற சத்தம்.

க்ரீ...ச்.

ஓடிப்போய்க் கூடத்தைப் பார்த்தேன். நாற்காலி காலி. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. மேல் தாழ்ப்பாள் இறங்கியிருந்தது. நாற்காலியோ கதவை விட்டுத் தள்ளி இருந்தது. நின்றபடி அவர் கைக்கு அது எட்டவே எட்டாது.

அவர் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி.

அவருக்கு முன்னால் மழை பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மழை. அந்தப் பக்கம் மழை. நடுவில், வலைக்கு வெளியே, ஓர் அறை அளவு இடத்தில் மட்டும்...

மழை இல்லை.

அந்தரத்தில் சதுரமாக ஓர் உலர்ந்த இருட்டு. அதன் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் தகரத்தில் விழுகிற மாதிரிக் கேட்டது.

அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி நிக்கிறீங்க?"

பதில் வந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தலையாட்டினார்.

"டிரைவர், நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிற? மூஞ்சியக் காட்டு."

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"சரி, எது வரைக்கும் போகுது?"

காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அவர் மெதுவாகச் சிரித்தார். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. தெளிவான மனிதனின் சிரிப்பு.

"அவ்வளவு தூரமா... பரவால்ல. எனக்கும் வீட்டுல வேலையில்ல. நகருங்க, ஏறிக்கிறேன்."

"என்னங்க!"

அவர் திரும்பவில்லை.

குறுக்கே கட்டியிருந்த மேல் குழாய் தானாக மேலே எழும்பியது. வலை ஒதுங்கியது. யாரோ உள்ளேயிருந்து வழிவிடுகிற மாதிரி.

அவர் கீழ்க் குழாயைத் தாண்டி வலது காலை வெளியே வைத்தார்.

அங்கே தரை இல்லை. பதினோரு மாடிப் பள்ளம்.

கால் ஊன்றியது.

செருப்புக்கு அடியில் தகடு சத்தம் போட்டது... டொம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னாலிருந்து அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். இழுத்தேன். மலையை இழுக்கிற மாதிரி இருந்தது.

"விடும்மா. வண்டி நிக்குது."

"விட மாட்டேன்."

"ஆள் எல்லாம் காத்திருக்காங்க."

"விட மாட்டேன்... விட மாட்டேன்..."

என் பிடி நழுவியது.

அவர் இடது காலையும் தூக்கினார்.

அப்போது...

பட்!

யாரோ அவரை எதிரேயிருந்து தள்ளினார்கள். அந்த அதிர்ச்சி அவர் உடம்பு வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு பேரும் பின்னால் சாய்ந்து, கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் விழுந்தோம்.

க்ரீ...ச். கதவு மூடியது.

டங், டங்.

கூண்டு கிளம்பியது. இந்த முறை கரகரவென்று இல்லை. ஒரே இரைச்சல். காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே... கீழே... ஒரு கல் விழுகிற வேகம்.

காதைப் பொத்திக்கொண்டேன். தரையில் மோதப் போகிறது. இதோ மோதப் போகிறது.

மோதவில்லை.

அந்தச் சத்தம் வரவே இல்லை.

மழை, அந்தச் சதுரத்திலும் பெய்ய ஆரம்பித்தது.

அவர் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தார். கண்ணில் பழைய குழப்பம் திரும்பியிருந்தது.

"என்னம்மா, பஸ் போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க."

"சரி... அடுத்ததுல போலாம்."

அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். விளக்கை அருகில் கொண்டுவந்தேன். வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நடுவில், ஈரச் சிமென்டில் ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து, மேல் நோக்கி. என் கை அவர் இடுப்பில் இருந்தது. அவர் கை இரண்டும் சுத்தமாக இருந்தன.

சட்டையைக் கழற்றிப் பரண்மேல் ஒளித்தேன். வழிந்த பாலைத் துடைத்தேன். குழாயும் வலையும் கட்டியது கட்டியபடி இருந்தன, முடிச்சுகூட அவிழவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகளிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். சொன்னால் என்ன நினைப்பாள்? அப்பாவுக்கு ஞாபகம் போயிற்று, இப்போது அம்மாவுக்கும் ஆரம்பம் என்று நினைப்பாள்.

பத்தரை மணிக்கு அவள் வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா, நம்ம கூண்டு... கழண்டு விழுந்துடுச்சு."

"எந்தக் கூண்டு?"

"இங்க இருந்து கழட்டிட்டுப் போனாங்களே, அதேதான். அந்தப் புதுக் கட்டடத்துல. உள்ள ஏழு பேரு. எல்லாம் நம்ம மேல்மாடியில வேலை செஞ்சவங்கதான். ஆறு பேர் அங்கயே போயிட்டாங்க. விசிலை மட்டும் எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க."

அவள் தோளைப் பிடித்தேன்.

"எப்போடி விழுந்தது?"

"அஞ்சு மணிக்கு முன்னாடியே."

அஞ்சு மணிக்கு முன்னாடி. அப்படியென்றால் எங்கள் பால்கனியில் வந்து நின்றது...

"அவன் இருக்கானா?"

"இருக்கான். போய்த்தான் வந்தான். நடுவுல இதயம் நின்னு போச்சும்மா. டாக்டர் கையை விரிக்கிற மாதிரி ஆயிடுச்சு. நான்தான் விடாம நெஞ்சை அழுத்திக்கிட்டே இருந்தேன். எப்படியோ திரும்பிட்டான்."

"அது எப்போ?"

"எதுக்கும்மா நேரமெல்லாம் கேக்கற?"

"சொல்லுடி."

"ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்."

அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பரண் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனாள்.

நான்காம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

"அம்மா... அன்னிக்கு அப்பா எங்கயாவது விழுந்தாரா?"

"ஏன் கேக்கற?"

"விசிலுக்கு இப்பதான் நினைவு வந்துது. கண்ணைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டான். நான் யாரோட மகள்னு அவனுக்குத் தெரியும்ல..."

"என்ன சொன்னான்?"

 மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அக்கா, ஐயா ஏற வந்தாரு, நான்தான் நெஞ்சுல கை வெச்சுத் தள்ளிவிட்டேன்னு சொல்றாம்மா. சொல்லிட்டு அழறான். இருட்டுல தெரியலயாம். ஐயா எந்தப் பக்கம் விழுந்தாருன்னு கேக்கறான்."