இன்னும் குடிவராத வீடு

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வார்டு வாரியாக அடுக்கி, மூட்டை கட்டி, டேப் ஒட்டி அனுப்புவது அவள் வேலை. கத்திரிக்கோல் தேட மாட்டாள், பல்லால் கடிக்க மாட்டாள். கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினால் டேப் நேர்கோடாக அறுந்துவிடும். எங்கே கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், "வீடு மாத்தி மாத்தித்தான்" என்பாள். அதற்குமேல் பேச்சு வளராது.

கணவர் கட்டுமான நிறுவனத்தில் உயரமான கிரேன் ஓட்டியவர். கட்டடம் எழும்பி முடிந்ததும் கிரேனைக் கழற்றுவார்கள். கூடவே இவர்களும் கிளம்ப வேண்டியதுதான். பத்தொன்பது வருடத்தில் பதினொரு ஊர். பிள்ளைகள் இல்லை. முதல் மூன்று ஊர்களை விட்டு வரும்போது பக்கத்து வீட்டுக்காரிகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலாவது ஊரில் யாரோடும் பழகுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். அவருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

"மேல ஏறிட்டா எல்லா ஊரும் தீப்பெட்டி அடுக்கின மாதிரிதான் இருக்கு. இதுல எதுக்குன்னு அழுவே?" என்று சிரிப்பார்.

பன்னிரண்டாவது ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலை, வேலையிடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சரிந்தார். மாரடைப்பு. அந்த ஊர்க் கிரேனில் அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை.

தங்கை வந்து இரண்டு வாரம் கூட இருந்தாள். கிளம்புகிற அன்று சொன்னாள், "பெட்டியெல்லாம் கட்டினது கட்டினபடியேதானே இருக்கு, அக்கா. அப்படியே வண்டியில ஏத்திடலாம். என்கூட வந்துடு."

"அப்புறம் பாக்கலாம்."

அந்த ஊர் பிடித்துப்போய் அவள் அப்படிச் சொல்லவில்லை. சரி என்று சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான். வெகுநேரம் மடித்து உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க ஆகியிருந்தது. கிள்ளினால்கூட வேறு யாரையோ கிள்ளுவது போல இருந்தது. அழுகையும் வரவில்லை. கணவருடைய நிறுவனத்து ஆள் ஒருவர் சலவைக்கூடத்தில் சொல்லி வேலை வாங்கித் தந்தார். போனாள்.

பெட்டிகள் பதினாறு. சுவரோரம் இரண்டு வரிசையாக நின்றன. காலையில் சேலை வேண்டுமென்றால் அந்தப் பெட்டியை இழுப்பாள், டேப்பைக் கிழிப்பாள், எடுப்பாள், மறுபடி ஒட்டி இடத்தில் தள்ளுவாள். சீப்புக்கு ஒரு பெட்டி, வாணலிக்கு ஒரு பெட்டி. இதில் ஏதோ விசித்திரம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

கீழ்வீட்டில் இருந்த பெண்மணி பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். மாலைப் பணி, முன்பகல் வரை தூங்குகிறவர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலை தலைமுடியை அள்ளி முடிந்தபடி மாடியேறி வந்தார்.

"ஏம்மா, தினமும் விடிஞ்சா போதும், வீடு காலி பண்றியா? சர்ருனு கிழிக்கிறதும் கரகரன்னு இழுக்கிறதும்!"

"இல்லக்கா. இன்னும் குடியே வரல."

டிக்கெட் இல்லாதவர்களின் ஆயிரம் சாக்குகளைக் கேட்டுப் பழகியவர் அவர். இது அவர் கேட்காதது. பெட்டிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

ஆறாவது மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பாயைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் காலை கதவு தடதடவென்று தட்டப்பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் திறந்தாள். பரிசோதகர், கையில் ரொட்டிப் பொட்டலம்.

"ரெண்டு நாளா உன் டேப் சத்தம் இல்ல. எனக்குத் தூக்கமே வரல. என்னாச்சு?" நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அடிப்பாவி, கொதிக்குதே! மாத்திரை எங்க? தம்ளர் எங்க?"

"தம்ளர் ஏழாம் நம்பர் பெட்டி."

பெட்டிமேல் '7 - உடையும், மெதுவா' என்று கணவர் கையெழுத்தில் இருந்தது. பரிசோதகருக்கு மெதுவாகத் திறக்க வராது. டேப்போடு சேர்ந்து அட்டையே கிழிந்தது. பழைய ஊர்ச் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதல் மூன்றிலும் விரிசல் இருக்கவே திட்டிக்கொண்டு, நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்துத் தண்ணீர் கொடுத்தார். மிச்சத் தம்ளர்களை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார். கிழிந்த கையெழுத்தை அவள் படுத்தபடியே பார்த்தாள். நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தாள். அடைக்கவில்லை.

உடம்பு தேறியது. ஏழாம் பெட்டி இனி ஒட்டுகிற நிலையில் இல்லை. தம்ளர்கள் ஜன்னலிலேயே இருந்தன. பிறகு வாணலி வெளியிலேயே தங்கியது, அதன் பக்கத்தில் கரண்டி. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கணவருடைய சட்டைகள் இருந்த பெட்டியை மட்டும் தொடவில்லை. பரிசோதகர் விடுமுறை நாட்களில் மேலே வந்து, பயணிகள் சொல்லும் பொய்களை நடித்துக் காட்டுவார். ஒருநாள் அவள் சிரித்துவிட்டாள். அன்று மாலையே பழையபடி வெறுமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"வருஷம் ஆகப்போகுது. எப்போக்கா வரே?"

"இந்த லீவுக்கு நீ வாயேன்."

"நானா? அங்கயா? போன தடவை கம்பெனி வண்டியில கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு வழி தெரியாதே."

இதுவரை இருந்த எந்த ஊருக்கும் அவள் வழி சொன்னதில்லை. அதெல்லாம் கணவர் வேலை. ஆனால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது.

"ஸ்டேஷன்ல இறங்கி பாலத்தடியில நில்லு. மேல நிக்காத, அங்க பஸ் நிக்காது. பதினாலாம் நம்பர் ஏறி, ஆஸ்பத்திரி தாண்டி இறங்கிடு. மருந்துக்கடை ஒண்ணு இருக்கும், மத்தியானம் பூட்டிடுவான். அதுக்கு எதிர்ல போறதுதான் நம்ம தெரு. மாடிப்படியில மூணாவது படி உடைஞ்சிருக்கும், பாத்து ஏறு."

"இரு இரு, பேனா எடுத்துக்கிறேன்" என்றாள் தங்கை.

அவள் காத்திருந்து, முதலிலிருந்து நிதானமாக மறுபடி சொன்னாள்.