இரண்டாவது கம்பெனியின் சந்தாதாரர்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார் அவர். கல்வராயன் மலைக்காரர். ஒடிசலான உடம்பு, கழுத்தில் எப்போதும் ஹெட்போன். எந்த ஒலியைக் கேட்டாலும் முதலில் கண்ணை மூடிக்கொள்வார்.

மேளம், கைதட்டல், குரல் என்று பாட்டுக்கு வேண்டிய ஒலித்துண்டுகளை மாதச் சந்தாவுக்குத் தரும் இரண்டு கம்பெனிகளில் எதில் சேரலாம் என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

“மொத கம்பெனியே எடுத்துக்குங்க சார். சந்தாவ நிறுத்தினாலும் எறக்கி வச்சது உங்களுக்குத்தான். ரெண்டாவது கம்பெனிக்காரன் காசும் ஜாஸ்தி கேக்குறான், நிறுத்தினா எல்லாத்தயும் பூட்டிடுவான்.”

ஆனால் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது இரண்டாவதுதான். ஏன் என்று கேட்டேன். ஒரு துண்டை ஓடவிட்டார். அடித்தொண்டையிலிருந்து ஓர் ஆண் இழுத்துப் பாடும் குரல். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை.

“நான்தான் சார். மலையில திருவிழாவுல பாடிக்கினு இருந்தப்ப இந்தக் கம்பெனிக்காரங்க மைக்கோட வந்து குரல புடிச்சிக்கினு போனாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க, அவ்ளோதான். இப்ப சாமி பாட்டு பண்ண வர்றவங்க எல்லாம் இந்தக் குரலத்தான் போடச் சொல்றாங்க.”

“நீங்களே பாடிடலாமே?”

“பாடினேன். கஸ்டமரு கேட்டுட்டு, ஒரிஜினல் மாதிரி இல்லன்னுட்டாரு.”

நான் முதல் கம்பெனியில்தான் சேர்ந்தேன். திருக்கோவிலூர்ப் பக்கம் கோயில் ஒலிபெருக்கியில் புதுப்பாட்டு ஒன்றில் அந்தக் குரல் வரும்போதெல்லாம், அந்த மனிதர் தன் தொண்டைக்கு இந்த மாத வாடகையையும் கட்டிவிட்டார் என்று தெரிந்துகொள்கிறேன்.