சீட்டை நிமிர்த்திவிட்டு வந்த பிலோமினா சிஸ்டர்

பிலோமினா சிஸ்டரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அது புகாராகத்தான் இருக்கும். அன்று காலை என் திருவொற்றியூர் வண்டி ஒயரிங் கடையில் ஒரு டேங்கர் லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். போன் அடித்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் வழக்கமான எரிச்சல் வந்தது. "இன்னாக்கா, மறுபடியுமா?" என்றுதான் எடுத்தேன்.

பேசியது அவர் கணவர் சேவியர் அண்ணன். "காதரு... பிலோ பூட்டாப்பா."

"எங்க போனாங்க?" என்று கேட்டேன். எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருந்தவர் ஆயிற்றே. அண்ணனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் முழுதாகத் தீரவில்லை.

அவருக்காக நடக்கும் முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி சேவியர் அண்ணன் கேட்டார். ராயபுரத்துக்காரர்களான உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார், சிலரின் பிள்ளைகளைப் பிறந்த நொடியில் கையில் வாங்கியிருப்பார். நீங்கள் அறிந்தது வெள்ளைச் சேலையில் சிரித்த முகத்தோடு நின்ற நர்ஸ். எனக்குத் தெரிந்தவரோ என்னை இரண்டு வருடம் பாடாய்ப் படுத்திய ஒரு வாடிக்கையாளர். அவரைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும்.

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரு கப்பல் ஏஜென்ட்டின் வயதான தாயாரை வீட்டோடு இருந்து கவனித்துக்கொண்டார். அந்த அம்மாள் இறந்ததும் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போது தங்கள் பழைய ஜெர்மன் காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் அமைச்சர்கள் போகிற மாதிரியான வண்டி. தோல் சீட்டு, பட்டனை அழுத்தினால் முன்னும் பின்னும் நகரும். ஏறி உட்கார்ந்தால் சாலை இருப்பதே தெரியாது. ஆனால் வயதாகிவிட்ட சொகுசுக் காரைப் போல் மனிதனை அலைக்கழிக்கும் பொருள் வேறெதுவும் இல்லை. கையளவு வேலைக்குக்கூட ஒரு எலக்ட்ரானிக் பெட்டி, அந்தப் பெட்டிக்கு நூறு ஒயர்.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹாரன் அடித்தபடி, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"நைனா, ஓட்டிகினு போசொல்ல மீட்டர் போர்டு மொத்தமா இருட்டாப் பூடுது. முள்ளெல்லாம் படுத்துக்குது. அப்பறம் அல்லா லைட்டும் ஒரே நேரத்துல எரியுது, மாதா கோயில் திருவிழா மாதிரி. ஒரு தபா இன்ஜினே நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல தானா சரியாப்பூடுது."

"எத்தினி கடையில காட்னீங்க?"

"போன எடமெல்லாம் வித்துடுன்றான்."

"நானும் அத்தத்தான் சொல்வேன்கா."

"விக்கறதுக்கு உன்கிட்ட ஏன் வர்றேன்? அதுக்கு புரோக்கரு கீறான்" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் சாலையில் நீண்ட தூரம் ஓட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளத்தில் இறக்கினேன், பிரேக்கை அழுத்திப் பிடித்தேன், ஏசியும் ஹெட்லைட்டும் சேர்த்துப் போட்டேன். முள்கள் சமர்த்தாக நின்றன. என் தொழிலில் முழுதாக அறுந்த ஒயரை யாரும் கண்டுபிடிக்கலாம். அவ்வப்போது அறுந்து அவ்வப்போது சேர்கிற ஒயர்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்கேனரை மாட்டினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோளாறைக் காட்டியது. மீட்டர் போர்டைக் கழற்றிப் பின்புறம் விரிசல் விட்ட இணைப்புகளுக்கெல்லாம் சால்டரிங் வைத்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்து அனுப்பினேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். சாவி போடும் சுவிட்சை மாற்றினேன். திரும்பி வந்தார். பேட்டரியிலிருந்து வரும் ஒயரை அடியோடு மாற்றினேன். அப்போதும் வந்தார். வரும்போதெல்லாம் வண்டி உள்ளும் புறமும் துடைத்துப் பளபளவென்று இருக்கும். சீட்டுகள் நிமிர்ந்து வரிசையாக நிற்கும். கல்யாண ஊர்வலத்துக்குக் கொண்டுவந்தது போல் இருக்கும்.

ஒருநாள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தவன் திகைத்து நின்றுவிட்டேன். ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு ஒயர்களைச் சேர்த்துக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் கட்டியிருந்தது. கட்டு அழகாகத்தான் இருந்தது. நர்ஸின் கைவேலை என்று யாரும் சொல்லிவிடலாம்.

"இத்த யாருக்கா செஞ்சது?"

"எனக்கு இன்னா தெரியும்? உன் கடைல எவனாச்சும் செஞ்சிருப்பான்."

"என் கடைல யாரு பிளாஸ்திரி வச்சிகினு கீறான்? வெள்ளித்தாள்ல கரன்ட் ஓடுனா வண்டியே பத்திக்கும்கா! நீங்க கைய வச்சிட்டு வந்து இல்லன்னு சொன்னா நான் இன்னாத்தத் தேடறது? வேற கடை பாத்துக்கோங்க."

கையில் இருந்த ஸ்பேனரை மேசைமேல் எறிந்தேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கத்தினார்.

"எண்ணூர் ரோட்ல நட்ட நடுவுல நின்னுச்சுடா. பின்னால கண்டெய்னர் லாரி ஹாரன் அட்ச்சிகினு நிக்கறான். உள்ள அவரு படுத்துகினு கீறாரு, எய்ந்து ஓடக்கூட முடியாது. போன் போட்டா நீ வர்றதுக்குள்ள எங்க ரெண்டு பேரையும் நசுக்கியிருப்பான். கைக்குக் கெடச்சத்த வச்சேன். போதுமா?"

சேவியர் அண்ணனின் நிலையைப் பற்றி நான் அறிந்தது அந்த நிமிடத்தில்தான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், கப்பலின் சரக்கு அறைக்குள் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவர். உங்களில் பலரும் அவர்கள் கடற்காற்றுக்காகக் கத்திவாக்கம் பக்கம் குடிபோனதாகவே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். மாடிப்படி ஏற முடியாததால்தான் போனார்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை அவரை ராயபுரத்துக்குச் சிகிச்சைக்கு அழைத்து வர வேண்டும். ஆட்டோவில் ஏற்றினால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அலறுவார். வேன் வைத்துப் பார்த்தும் முடியவில்லை. அந்தப் பழைய காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் படுக்கையாகச் சாய்த்து மெத்தை விரித்தால் மட்டும்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. விற்கச் சொன்னவர்களிடமெல்லாம் சிஸ்டர் சீறியதற்குக் காரணம் இதுதான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று சேவியர் அண்ணனிடம் கேட்டேன். "அல்லாத்தையும் எய்து காதரு. அவ மறைச்சது போதும்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை நானும் அவர்களோடு போனேன். பின்சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டிலிருந்து இழுத்த ஒயர்களில் டெஸ்ட் மீட்டரை மாட்டிக் கையில் பிடித்திருந்தேன். சிஸ்டர் ஓட்டினார். அண்ணன் படுத்திருந்தார். எர்ணாவூர் தாண்டியதும் ஒரு பள்ளம். வண்டி லேசாக அசைந்ததோடு சரி, மீட்டர் போர்டு இருண்டது. பேட்டரியில் கரன்ட் இருக்கிறது, மீட்டர் போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடமாக என்னிடம் பிடிபடாதது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"காதரு, எனக்குக் கீய தண்ணி சளக் சளக்குன்னு கேக்குதுப்பா. ரொம்ப நாளா கேக்குது" என்றார் அண்ணன்.

"அது வலி மாத்திர வேலை. சொம்மா இருங்க" என்றார் சிஸ்டர்.

ஆஸ்பத்திரியில் அண்ணனை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனதும், சாய்ந்திருந்த அந்தச் சீட்டின் மேல் நான் படுத்துப் பார்த்தேன். மீட்டர் போர்டு இருண்டது. எழுந்தேன், விளக்கு வந்தது. சீட்டை நிமிர்த்தி முன்னுக்கு நகர்த்தி மறுபடி உட்கார்ந்தேன். எதுவும் அணையவில்லை. கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைப் பிடுங்கித் தூக்கினேன். அடியில் இருந்த ஸ்பாஞ்சு ஊறிப்போய் நாறியது. அதற்குள் இருந்த ஒயரிங் பெட்டியின் பின்கள் பச்சையாகப் பூத்து அரித்திருந்தன. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வெளியேறும் குழாயில் இலையும் கரித்தூளும் சேர்ந்து களிமண் போல் அடைத்திருந்தது. எங்கள் பகுதிக் காற்றில் எது பறக்கிறதோ அதெல்லாம் அதற்குள் இருந்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் வண்டிக்குள் இறங்கியிருக்கிறது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி ஆள் படுத்தால் சீட்டு நகரும் தண்டவாளம் அந்தப் பெட்டியை அழுத்தும். ஏற்கெனவே அரித்துப்போன இணைப்பு அப்போது விட்டுப்போகும்.

சீட்டு நிமிர்ந்திருந்தால் அந்தப் பழுது வரவே வராது. ஒவ்வொரு முறையும் என் கடைக்கு வருமுன் அவர் மெத்தையை எடுத்து வீட்டில் போட்டு, சீட்டை நிமிர்த்தி, துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அண்ணனை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்த சிஸ்டரிடம் கேட்டேன்: "ஏன்கா இத்தினி நாளா சொல்லல? ஆள் படுத்துகினு வர்றாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத வாரத்துலயே கண்டுபுடிச்சிருப்பேனே!"

"நீ கேக்கலியே."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்: "மாதா கோயில் திருவிழாவுல தோள்ல தேரு தூக்குன ஆளுடா அவரு. மூட்ட மாதிரி படுக்க வச்சி இட்டுகினு போறாங்கன்னு நாலு பேரு பேசக்கூடாது."

கம்பளத்தை வெயிலில் காயப்போட்டு, அரித்த ஒயர்களை வெட்டி எறிந்து புதிது இணைத்து, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மேலே பொருத்தினேன். குழாயைச் சுத்தம் செய்தேன். அதற்குப் பிறகு அந்த மீட்டர் போர்டு ஒருமுறைகூட அணையவில்லை. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத்த மொதல்லியே செஞ்சிருக்கலாம்ல?" என்றார்.

கடைசிச் சில மாதங்களில் அவர் மெலிந்துகொண்டே வந்தார். அண்ணன் கேட்டிருக்கிறார், வெயில் என்றாராம். அண்ணனின் தங்கை கேட்டிருக்கிறார், விரதம் என்றாராம். தன் வயிற்றில் வளர்ந்த கட்டி என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயுள் முழுதும் நோயாளிகளைப் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வியாழக்கிழமை யார் வண்டி ஓட்டுவது என்ற ஒரே கணக்குக்காக வாயைத் திறக்கவில்லை. என்னிடம் "நீ கேக்கலியே" என்று சொன்னவர், கேட்டவர்களிடமும் சொல்லவில்லை. முன்பே சொல்லியிருந்தால் வைத்தியம் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னாராம். நாங்கள் இத்தனை பேர் இருந்தோம். என் கோபம் அதுதான்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு கடைக்கு வந்தார். வண்டியில் எந்தக் குறையும் இல்லை. சாவியை என்னிடம் நீட்டி, "நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்தறேன்" என்றார். கடையில் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ராயபுரம் வரை நச்சரித்துக்கொண்டே வந்தார். "பள்ளத்துல போயி பிரேக்கு புடிக்காத. பள்ளத்துக்கு முன்னாடியே புடி. பள்ளத்துல வண்டிய சொம்மா வுட்டுடு." திரும்பும் வழியிலும் அதே பல்லவி. கார் ரிப்பேர் செய்பவனுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறாரே என்று வெறுப்பாக இருந்தது. அன்று இறங்கும்போது, "பரவால்ல, வந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதற்காக அப்படி ஓட்ட வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்போது என் கடைக்கு எந்த வண்டி வந்தாலும், பானெட்டைத் திறக்குமுன் அதில் யார் போகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேட்கிறேன். சிலர் எரிச்சலாகப் பார்க்கிறார்கள். கேட்காமல் விடுவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்வி. இன்னொன்று, வியாழக்கிழமை.

அடக்கம் முடிந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை சேவியர் அண்ணனை நான் அழைத்துப் போனேன். டோல்கேட் பக்கத்துப் பள்ளத்தைக் கவனிக்கத் தவறி, உள்ளே இறங்கிய பிறகுதான் பிரேக்கை அழுத்தினேன். அண்ணன் அலறினார். அவர் மூச்சு வாங்கிவிட்டு, "அவ இருந்தா உன்ன நாறடிச்சிருப்பா" என்றார்.

"நீங்க திட்டுங்கண்ணா."

அவர் கூரையைப் பார்த்தபடி குரலை உயர்த்தினார். "முன்னாடியே புடிடா சோமாறி!"

அடுத்த பள்ளம் தெரிந்ததும், நல்ல தூரத்திலேயே பிரேக்கில் காலை வைத்தேன்.